சமாதானம் என்னும் வியூகம்

"நான் யாரையும் அடிக்கவில்லை, படித்தே ஜெயித்தேன்" என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வகை ஆட்டக்காரரை எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி சந்திக்க நேர்கிறது. சேத்தூரிலும் ராஜபாளையத்திலுமாகக் கூடிப் புத்தகம் பேசும் நாங்கள் ஏழெட்டுப் பேர். எங்களில் பாதிப் பேர் 'சிவிலைசேஷன்' என்னும் கணினி விளையாட்டை ஆடுகிறவர்கள். மீதிப் பேர் ஆடுகிறவர்களைச் சகித்துக்கொள்கிறவர்கள். இரு தரப்பும் சேர்ந்து எழுதுவது இது. எங்கள் வாதம் எளியது. அந்த விளையாட்டில் 'அமைதியான அறிவியல் வழி' என்று கொண்டாடப்படுவதில் அமைதியும் இல்லை, அறிவியலும் இல்லை. இரண்டும் இல்லாத ஒன்றை அறத்தின் பெயரால் மெச்சிக்கொள்வது விளையாட்டோடு நின்றுவிட்டால் எங்களுக்குக் கவலையில்லை. அது நிற்கவில்லை என்பதுதான் எங்கள் புகார்.

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வரலாற்று நாவலை நம் இளைஞர் பத்து மணி நேரத்தில் படித்து முடிக்கிறார். இந்த விளையாட்டில் அவர் ஆறாயிரம் ஆண்டுகளை இரவு இரவாக நடத்துகிறார். எது முன்னேற்றம், எது பின்னடைவு, யார் நாகரிகம் உடையவர், யார் காட்டுமிராண்டி என்பதையெல்லாம் விரல் நுனியால் கற்றுக்கொள்கிறார். (தொடக்கப் பதிப்புகளில் 'காட்டுமிராண்டிகள்' என்றே ஒரு தரப்பு உண்டு, வெட்டுப்படுவதற்கென்றே வருவார்கள்.) இப்படி ஒரு பிரதி ஆயிரக்கணக்கான மணி நேரம் வாசிக்கப்படும்போது அதை விமர்சிக்காமல் விடுவது விமர்சனத்தின் சோம்பேறித்தனம்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கம். சிட் மையர் வடிவமைத்து 1991இல் வெளிவந்த விளையாட்டு இது. ஏழாம் பதிப்பு 2025இல் வந்தது. கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு ஆட்டம் தொடங்கும். ஊர் அமைக்கலாம், வயல் திருத்தலாம், அண்டை நாட்டானோடு உறவாடலாம், அவனை அழிக்கலாம். எழுத்து, கணிதம், தத்துவம், அச்சு, மின்சாரம் என்று கண்டுபிடிப்புகள் ஒரு மரத்தின் கிளைகளாக வரையப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை 'குடுவை' என்று விலை. முதல் பதிப்பில் வெல்வதற்கு வழிகள் இரண்டு: எல்லாரையும் ஒழிப்பது, அல்லது எல்லாருக்கும் முன்னால் ஆல்ஃபா சென்டாரி விண்மீன் மண்டலத்துக்குக் கலம் அனுப்புவது. அமைதி ஆட்டக்காரர் இரண்டாவதைத் தேர்கிறார். நகரங்களைக் குறைவாக வைத்து, உணவைப் பெருக்கி, மக்களைப் பெருக்கி, நூலகம் கட்டி, பல்கலைக்கழகம் கட்டி, கையில் கிடைத்தவரையெல்லாம் ஆய்வில் உட்கார வைத்து, குடுவைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இந்த விளையாட்டின் கண்ணால் பார்த்தால் சேத்தூரைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது. ஐந்தாம் பதிப்பில் மலையை ஒட்டிய நகரில் மட்டுமே வானாய்வகம் கட்ட முடியும். ஆறாம் பதிப்பில் கல்வி வளாகத்தைத் தொட்டு நிற்கும் ஒவ்வொரு மலைக்கும் குடுவை கூடும். மழைக்காடு அருகிருந்தாலும் கூடும். எங்களுக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, காலடியில் கண்மாய்ப் பாசன வயல், கிழக்கே கரிசல், அதில் பருத்தி. அறிவியல் ஆட்டக்காரர் இந்தக் கட்டத்தைக் கண்டால் குடியேறியை ஓட ஓட விரட்டி வந்து ஊர் போட்டுவிடுவார்.

உண்மையான சேத்தூரில் அந்த மலையடிவாரத்தில் ஒரு பாளையமும் பிறகு ஜமீனும் இருந்தன. பழைய நூல்களில் சேற்றூர் என்று காணப்படும் பெயர். ஜமீனுக்கு அவைப்புலவர்கள் உண்டு. முகவூர்க் கவிராயர்கள் இந்த அவையோடு சேர்த்தே அறியப்பட்டவர்கள். அவர்கள் பாட்டெழுதச் சோறு போட்டது ஊர்ப்பெயரில் ஒட்டியிருக்கும் அந்தச் சேறுதான், அதில் நின்றவர்கள்தான். இந்த ஒரு விஷயத்தில் விளையாட்டு நம் இலக்கிய வரலாறுகளைவிட நேர்மையானது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பதிப்பில் ஆய்வில் உட்காரும் ஒவ்வொரு குடிமகனும் இரண்டு பங்கு உணவு உண்பான், நிலத்தில் இறங்கமாட்டான், அவன் சோற்றை இன்னொரு கட்டத்தில் உழைப்பவன் விளைவித்தாக வேண்டும். கணக்கு திரையிலேயே தெரியும். 'படித்தே ஜெயித்த' நண்பர்கள் அந்தக் கணக்கை ஒருநாளும் வாசித்துக் காட்டுவதில்லை. விளையாட்டில் மட்டுமல்ல, வீட்டிலும்.

இனி அமைதிக்கு வருவோம். இந்த வழியில் தேர்ந்தவர்களின் பழக்கங்களைக் கவனித்தால் விசித்திரமாக இருக்கும். நூலகத்தை முடித்த கையோடு மதிலும் வில்லாளரும். பக்கத்து நாட்டான் வலுத்துவருகிறானா? பொன் கொடுத்து அவன்மீது இன்னொருவனை ஏவிவிடலாம். ஐந்தாம் பதிப்பில் பேச்சுவார்த்தைத் திரையிலேயே இதற்கு இடமுண்டு. அவர்கள் இருவரும் அடித்துக்கொண்டு கண்டுபிடிப்பில் பின்தங்குவார்கள், நாம் குடுவையை நிரப்பலாம். ஊர் எரிகிறது, ஆனால் நாம் தீக்குச்சி உரசவில்லை. அடித்துப் பிடிக்கிற ஆட்டக்காரருக்காவது தான் அடிப்பது தெரியும். எரிந்த ஊரின் பெயரையும் அவர் அறிந்திருப்பார்.

'அணுகுண்டு காந்தி' என்றொரு கதை இந்த விளையாட்டைச் சுற்றி நெடுங்காலமாக உலவுகிறது. முதல் பதிப்பில் இந்தியாவின் தலைவர் காந்தி. அவருடைய போர்க்குணத்தின் எண் ஒன்றாக இருந்ததாம். மக்களாட்சிக்கு மாறியதும் இரண்டு கழிக்கப்பட, எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி 255ஆகத் தாவிவிட்டதாம். உடனே காந்தி எல்லார் தலையிலும் குண்டு போட்டாராம். கேட்கச் சுவையான கதைதான். 2020இல் வந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் சிட் மையர், அப்படியொரு பிழை அந்த நிரலில் இருக்கவில்லை என்று மறுத்துவிட்டார். அவர் தரும் விளக்கம் கதையைவிடக் கூர்மையானது. காந்தியின் நாடு போரை விட்டு அறிவியலைப் பிடித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதனாலேயே அது மற்றவர்களுக்கு முன்பாக அணுகுண்டை எட்டிவிடும். எட்டிய பின் எல்லாத் தலைவர்களும் பேசும் மிரட்டல் வசனத்தை அவரும் பேசுவார். நிரலில் பிழை ஏதுமில்லை. வடிவமைப்பே அப்படி. அமைதியான அறிவியல் வழி செவ்வனே நடத்தப்பட்டால் போய்ச் சேரும் இடம் அது.

1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்ததற்கு இந்திய அரசு கொடுத்த பெயர் 'அமைதி நோக்கிலான அணுவெடிப்பு'. கனடா அமைதிப் பயன்பாட்டுக்கென்று கொடுத்த உலையிலிருந்து அதற்குப் புளூட்டோனியம் வந்தது. விளையாட்டு வெளிவருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே நாம் அதை ஆடிக்காட்டிவிட்டோம்.

போர் வேறு, அறிவியல் வேறு என்று இரண்டு கிளைகளாக வரைந்து வைத்திருக்கிறார்களே, அந்த மரத்தை எங்கள் ஊர் வரலாற்றில் நட்டுப் பார்ப்போம். 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் அதை அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம் என்பதற்காக நாடுகள் ஆளனுப்பின. பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தீல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். மலையாளக் கரையை நெருங்கியபோதுதான் புதுச்சேரி அந்த ஜனவரியிலேயே ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்ட செய்தி அவருக்குக் கிடைத்தது. கப்பல் திரும்பியது. கோள் கடந்த நாளில் அவர் நடுக்கடலில் ஆடும் தளத்தின்மீது நின்று பார்த்தார். அந்த அளவீட்டால் ஒரு பயனும் இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு, மே மாதத்தில், சேத்தூரிலிருந்து தெற்கே தென்காசிச் சாலையில் இருக்கும் வாசுதேவநல்லூர்க் கோட்டையையும் நெற்கட்டும்செவலையும் பனையூரையும் பூலித்தேவரிடமிருந்து யூசுப்கான் பிடித்திருந்தார். நவாபுக்காகவும் கும்பெனிக்காகவும் நடந்த சண்டை அது. புதுச்சேரியை விழுத்தாட்டிய போரும் எங்கள் மலையடிவாரத்துப் பாளையங்களை நொறுக்கிய போரும் ஒரே வலையின் இரு கண்ணிகள். அந்த வலையில்தான் லெ ஜாந்தீலின் தொலைநோக்கியும் சிக்கிக்கொண்டது.

அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்த கடப்பு 1769இல். எட்டு ஆண்டு காத்திருந்தார். புதுச்சேரி உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரருக்கே திரும்பியிருந்தது. அங்கே ஆய்வகம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர், நேற்றைய எதிரிகள், தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. விளையாட்டில் இப்படியொரு முடிவுக்கு இடமே இல்லை. அங்கே குடுவை நிறைந்தால் கண்டுபிடிப்பு வந்தே தீரும், எந்த வானத்திலும் மேகம் கிடையாது.

ஆனால் லெ ஜாந்தீல் வெறுங்கையோடு போகவில்லை, எங்களுக்கு முக்கியமானது அதுதான். காத்திருந்த நாட்களில் அவர் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிப்பைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30இன் சந்திர கிரகணத்துக்குத் தமிழ் முறை சொன்ன கால அளவு 41 வினாடி குறைவு. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணைகள் சொன்னது 68 வினாடி அதிகம். 1825இல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' நூலில் ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிந்திருக்கிறார். ஏட்டைப் புரட்டவில்லை, எண்ணை எழுதவில்லை. வான நூலின் கோட்பாட்டில் அவருக்குச் சற்றும் பயிற்சியில்லை என்றும் வாரன் வியக்கிறார். நம் வீடுகளில் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் உருளும் அதே சோழி.

அந்தக் கணிதர் விளையாட்டின் மரத்தில் எந்தக் கிளையில் உட்காருவார்? எழுத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் கணிதம், அதன் பிறகுதான் வானியல் என்று பூட்டு போட்டிருக்கும் மரத்தில் எழுதாமல் கிரகணம் கணிக்கும் மனிதருக்குக் கட்டமே கிடையாது. அவருடைய அறிவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. வாக்கிய முறைக்கு மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் நீண்ட மரபு உண்டு. அது புதுச்சேரியில் ஒரு தமிழர் வாயில் இருந்தது. அதை ஒரு பிரெஞ்சுக்காரர் கற்றார். இன்னொரு காலத்தில் ஆங்கிலக் கும்பெனியின் அலுவலர் எழுதினார். குடுவைகளை எந்தக் கொடியின் கீழ் வைப்பது? இவ்விளையாட்டில் அறிவு என்பது ஒரு நாட்டின் கஜானாவில் சேரும் செலாவணி. பக்கத்து நாட்டானிடம் இருந்தால் அது நமக்கு நஷ்டம். இதை அறிவியல் என்று அழைப்பதற்குப் பதில் பதுக்கல் என்று அழைக்கலாம்.

நண்பர்கள் பொறுமையிழந்து, "ஒரு பொழுதுபோக்கைப் போட்டு இப்படி அலசுவானேன்" என்பார்கள். அலச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே வாதத்தை விளையாட்டுக்கு வெளியே எங்கள் மலையின் பெயரிலேயே கேட்டோம்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலைக்குள் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலைக்குள் சுரங்கப்பாதை, மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை, உள்ளே 50,000 டன் காந்த இரும்பு. அதற்கு முன் நீலகிரியில் சிங்காராவைக் கேட்டு, முதுமலைப் புலிகளின் பொருட்டு 2009இல் மறுக்கப்பட்டிருந்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் கொடுத்தது. 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அணில்களுக்கென 1988இல் காக்கப்பட்ட எங்கள் மலைக்காடும் அதற்குள் வந்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதில் எதிர்த்தவர்கள் சொன்னது அனைத்தும் சரி என்று நாங்கள் சொல்லமாட்டோம். நியூட்ரினோவால் உடம்புக்குக் கேடு என்று மேடையில் பேசியது அப்பட்டமான பிதற்றல். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் வினாடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் புகுந்து போய்க்கொண்டிருக்கின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆய்வகம் அமைந்திருந்தால் நல்ல இயற்பியல் நடந்திருக்கும் என்பதிலும் ஐயமில்லை. எங்களை உறுத்தியது ஆதரவுத் தரப்பின் தொனி. இது தூய அறிவியல், இதில் ஆயுதமில்லை, லாபமில்லை. ஆகவே மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவன் ஏன் கேள்வி கேட்கிறான் என்ற தொனி. அமைதி நோக்கம் என்று சொல்லிவிட்டால் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம். நாம் தாமதித்தால் சீனா முந்திவிடும் என்று வேறு. அது அப்படியே குடுவைக் கணக்கு. மலைக் கட்டத்தில் சொடுக்கினால் ஆய்வகம் முளைக்க வேண்டும், கட்டத்தில் யாராவது குடியிருக்கிறார்களா என்பது ஆட்ட விதியிலேயே கிடையாது.

1965இல் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலாகக் கண்டறிந்த சோதனைகளில் ஒன்று கோலார் தங்கவயலின் ஆழத்தில் நடந்தது. பம்பாயின் டாட்டா நிறுவன ஆய்வாளர்களோடு ஒசாகாக்காரரும் டர்ஹம்காரரும் சேர்ந்து நடத்திய சோதனை. எந்தத் தனி நாட்டின் குடுவையும் இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்வோம். இரண்டாவது, அத்தனை ஆழக் குழி அறிவியலுக்காகத் தோண்டப்பட்டதல்ல. ஆங்கில நிறுவனம் தங்கத்துக்காகத் தோண்டியது. தோண்டிய கைகளில் பெரும்பங்கு வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன ஒடுக்கப்பட்ட தமிழர்களின் கைகள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஆய்வுக் கட்டுரைகள் நூலகங்களில் பத்திரமாக இருந்தன, சுரங்கத்தை நம்பிய குடும்பங்கள் பெங்களூருக்கு ரயிலேறின. நியூட்ரினோ வரலாற்றை மேடையில் சொல்பவர்கள் கோலாரைப் பெருமையோடு தொடுவார்கள். குழியைத் தோண்டியவனை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

ஏழாம் பதிப்பில் சோழர் வந்துவிட்டார்கள் என்று நம்மவர்களிடையே ஒரே உற்சாகம். அதில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கட்டிடங்களாக வருகின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் பேட்டை உருவாகும். தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயங்களில் ஒன்று. சோழரைப் படையெடுப்பாளராக அன்றி வணிகராகக் காட்டியது சிலருக்கு வருத்தம், சிலருக்கு 'அமைதியான சோழர்' கிடைத்த மகிழ்ச்சி. இரு சாராரும் ஐந்நூற்றுவரின் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு அத்தியாயம் படித்தால் நல்லது. அவ்வணிகர்களின் காவல் நகரங்களுக்கு எறிவீரபட்டணம் என்று பெயர்; சரக்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஆயுதம் தாங்கியவன் நின்றான். பெரிய கோயிலுக்கும் ஓர் அறிவியல் கதை உண்டு. 1808இல் நில அளவைக்காக லாம்டன் அதன் உச்சிக்கு ஏற்றிய மாபெரும் கோணமானி வழியில் மோதிச் சிதைந்தது. 1799இல் திப்புவோடு நடந்த போரில் இருந்தவர் அந்த லாம்டன். 1801இல் பாளையக்காரர்கள் ஒடுக்கப்பட்ட மறு ஆண்டு தொடங்கியது அந்த அளவை. பூமியின் வடிவத்தை அளந்த மகத்தான பணி, மறுக்கவில்லை. எந்த மண் அடங்கிய பிறகு அளவைச் சங்கிலி தரையில் விரிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்கிறோம்.

திருவில்லிபுத்தூரில் ஒரு பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர்ப்பெயரின் எழுத்துகளையே தாங்கிய பருத்தி ரகங்கள் அங்கிருந்து வெளிவந்திருக்கின்றன. விளையாட்டில் பருத்தி ஓர் ஆடம்பரப் பொருள். கட்டத்தைத் திருத்தினால் குடிகள் மகிழ்வார்கள், அவ்வளவுதான். இங்கே ஒரு ரகம் என்பது பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து, பருவம் பருவமாக விதைத்து, மழை தவறிய ஆண்டுகளையும் காய்ப்புழு தின்ற ஆண்டுகளையும் கணக்கில் வைத்து, சம்சாரியின் காட்டில் போட்டுப் பார்த்து, அவர் "சரிப்படாது" என்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. குடுவைக் கணக்கில் சேராத அறிவியல் என்றால் எங்களுக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பஞ்சு ராஜபாளையத்து ஆலைகளில் நூலாகி, சத்திரப்பட்டித் தறிகளில் காயத்துக்குக் கட்டும் துணியாகிறது. எந்தப் போரில் பட்ட காயத்துக்கும்.

ஆடாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களில் பாதிப் பேர் இன்றிரவும் ஆடுவார்கள். வெற்றித் திரை வந்ததும் எழுந்து போய்விடாமல், கீழே 'இன்னும் ஒரு சுற்று' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். கலம் போயிருக்கும். வில்லாளருக்குப் பதில் ஏவுகணைகள் எல்லையில் நிற்கும். வயல் கட்டத்துக்காரர்கள் தத்தம் வயலில் நிற்பார்கள், ஆய்வாளருக்கு இரண்டு பங்கு உணவு போய்க்கொண்டிருக்கும். மரத்தில் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கியிருக்காது; 'எதிர்காலத் தொழில்நுட்பம் 1', '2', '3' என்று எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.